டூ-ஸ்ட்ரோக் டர்ட் பைக்: மோட்டோகிராஸ் வண்டிக்கும் டிரெயில் வண்டிக்கும் என்ன வேறுபாடு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பார்ப்பதற்கு இரண்டும் ஒரே வண்டியாகத்தானே இருக்கின்றன?

பத்தடி தள்ளி நின்று பார்த்தால் ஒன்றாகத்தான் தெரியும். யமஹாவின் ஒய்.இசட்.250, ஒய்.இசட்.250எக்ஸ் ஆகிய இரண்டையும் எடுத்துக்கொள்வோம். முன்னது மோட்டோகிராஸ் வண்டி, அதாவது தாவல்கள் நிறைந்த மண் களத்தில் ஓடும் பந்தயத்துக்கானது. பின்னது 2016ஆம் ஆண்டு மாடலாக அறிமுகமான, காட்டுப் பாதைக்கான வண்டி. இரண்டிலும் அதே அலுமினியச் சட்டகம், முன் சக்கரத்தைத் தாங்கும் அதே கே.ஒய்.பி. ஃபோர்க், 66.4 மி.மீ. சிலிண்டர் விட்டமும் 72.8 மி.மீ. பிஸ்டன் வீச்சும் கொண்ட அதே 249 சி.சி. என்ஜின். எடையிலும் ஒரு கிலோ அளவுக்கே வேறுபாடு. பெட்ரோலோடு சேர்த்து இரண்டும் 103, 104 கிலோவுக்குள் அடங்கிவிடும்.

ஆனால் ஓட்டிப் பார்த்தவர்கள் இரண்டையும் ஒரே வண்டி என்று சொல்ல மாட்டார்கள். மோட்டோகிராஸ் பந்தயத்தில் ஒரு சுற்று முப்பது நிமிடமும் அதன்பின் இரண்டு லேப்பும்தான். வீரர் முன்கூட்டியே பார்த்துப் பழகிய களத்தில், ஆக்சிலேட்டரைப் பெரும்பாலும் முழுதாகத் திறந்தே வைத்திருப்பார். அமெரிக்காவின் ஜி.என்.சி.சி. போன்ற கிராஸ் கண்ட்ரி பந்தயம் ஏறக்குறைய மூன்று மணி நேரம் நீளும். வேர், சேறு, பாறை, ஓடை என்று அடுத்த வளைவுக்குப் பின் என்ன இருக்கிறது என்பது தெரியாமலேயே ஓட்ட வேண்டும். இரண்டு வண்டிகளுக்கும் இடையே உள்ள எல்லா வேறுபாடுகளும் இந்த வேலை வேறுபாட்டிலிருந்து வந்தவைதான்.

டிரெயில், எண்டூரோ, கிராஸ் கண்ட்ரி, டிரயல்ஸ் என்று பல பெயர்கள் வருகின்றனவே?

முதல் மூன்றும் நெருங்கிய உறவு. டிரெயில் என்பது பொழுதுபோக்குக்காகக் காட்டுப் பாதையில் ஓட்டுவது. எண்டூரோ அதன் போட்டி வடிவம். பல நாடுகளில் இடையிடையே பொதுச்சாலையையும் கடக்க வேண்டியிருப்பதால் எண்டூரோ வண்டிகளுக்கு விளக்கும் நம்பர் பிளேட்டும் உண்டு. கிராஸ் கண்ட்ரி வண்டி என்பது மோட்டோகிராஸ் வண்டியைப் பாதி வழி வரை காட்டுக்கு ஏற்ப மாற்றியது. கே.டி.எம். பெயரிடும் முறையில் எஸ்.எக்ஸ். என்றால் மோட்டோகிராஸ், எக்ஸ்.சி. என்றால் கிராஸ் கண்ட்ரி, எக்ஸ்.சி.-டபிள்யூ. என்றால் அகன்ற கியர் விகிதம் கொண்ட காட்டு வண்டி, இ.எக்ஸ்.சி. என்றால் ஐரோப்பாவில் சாலைப் பதிவு பெறத்தக்க எண்டூரோ வண்டி.

டிரயல்ஸ் முற்றிலும் வேறு விளையாட்டு. உட்கார இருக்கை என்று சொல்லத்தக்க ஒன்றுகூட இல்லாத, எழுபது கிலோவை ஒட்டிய எடையுள்ள வண்டியை வைத்துக்கொண்டு, காலைத் தரையில் ஊன்றாமல் பாறை மேல் ஏறி இறங்குவது அது. தமிழில் எழுதும்போது டிரெயிலும் டிரயல்ஸும் அடிக்கடி குழம்பிப்போகின்றன. பழைய வண்டி விளம்பரங்களைப் படிக்கும்போது இதில் கவனமாக இருக்க வேண்டும்.

இந்தப் பிரிவு எப்போது தொடங்கியது?

யமஹா 1968இல் அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்த டி.டி.-1 என்ற 246 சி.சி. வண்டி, சாலையிலும் மண்ணிலும் ஓடும் டிரெயில் வண்டி. அதையே பந்தயத்துக்கு மாற்ற விரும்பியவர்களுக்கு உதிரிபாகத் தொகுப்பு ஒன்றையும் யமஹா தனியாக விற்றது. அதாவது, அந்தக் காலத்தில் டிரெயில் வண்டியிலிருந்து பந்தய வண்டி பிறந்தது. ஹோண்டா 1973இல் சி.ஆர்.250எம் எல்சினோரைப் பந்தயத்துக்கென்றே வடிவமைத்து, அடுத்த ஆண்டு எம்.டி.250 என்ற விளக்கு வைத்த டிரெயில் வண்டியை அதே எல்சினோர் பெயரில் விற்றபோது திசை மாறியது. அதன்பின் பெரும்பாலும் மோட்டோகிராஸ் வண்டியே மூலம். டிரெயில் வண்டி அதிலிருந்து கிளைப்பது. கவாசாகியின் கே.டி.எக்ஸ்.200 இதற்கு ஓரளவு விதிவிலக்கு. காட்டுக்கென்றே உருவான அந்த வண்டி 1980களில் தொடங்கி 2006 வரை விற்பனையில் இருந்தது. அடக்கமான வண்டி என்றாலும் அதை விற்றுவிட்டு வருந்தியவர்கள் அதிகம்.

என்ஜின் ஒன்றுதான் என்றால், ஓட்டும்போது ஏன் இவ்வளவு வேறுபடுகிறது?

டூ-ஸ்ட்ரோக் என்ஜினின் குணத்தைத் தீர்மானிப்பது சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளின் உயரம். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல் விளிம்பு உயரமாக இருந்தால், பிஸ்டன் இறங்கும்போது அது சீக்கிரமே திறந்துகொள்ளும். நிமிடத்துக்கு எட்டாயிரம், ஒன்பதாயிரம் சுற்றில் புகை வெளியேறக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு என்பதால் இந்த முன்கூட்டிய திறப்பு நன்மை தரும். ஆனால் மூவாயிரம் சுற்றில் அதே திறப்பு, இன்னும் பிஸ்டனைத் தள்ள வேண்டிய அழுத்தத்தை வீணாக வெளியே விட்டுவிடும். புதிதாக உள்ளே வந்த பெட்ரோல் கலவையில் ஒரு பங்கும் எரியாமலேயே சைலன்சர் வழியாகப் போய்விடும். உயரமான போர்ட் கொண்ட வண்டி கீழே மந்தமாகவும் மேலே வெறிபிடித்தாற்போலவும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த முரணைச் சமாளிக்க வந்ததுதான் பவர் வால்வு. குறைந்த சுற்றில் போர்ட்டின் கூரையைத் தாழ்த்தி, சுற்று கூடக் கூட உயர்த்திவிடும் ஒரு சிறிய கதவு என்று அதைப் புரிந்துகொள்ளலாம். சிலிண்டரில் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்று சொல்லும் கம்ப்ரஷன் விகிதம், ஒய்.இசட்.250இல் ஒரே எண்ணாக இல்லாமல் 8.9 முதல் 10.6 வரை என்று அச்சிடப்பட்டிருப்பது இதனால்தான். கதவின் நிலைக்கேற்ப விகிதம் மாறுகிறது. ஒய்.இசட்.250எக்ஸில் அது 7.9 முதல் 9.4 வரை. கூடவே எக்ஸாஸ்ட் போர்ட்டின் அமைப்பு, பவர் வால்வு திறக்கும் தருணம், ஸ்பார்க் நேரத்தைக் கட்டுப்படுத்தும் சி.டி.ஐ. ஆகியவற்றையும் யமஹா மாற்றியிருக்கிறது.

இதன் விளைவை ஒரு சிறு காட்சியில் பார்க்கலாம். இரண்டாம் கியரில் நனைந்த வேர்கள் பின்னிக் கிடக்கும் ஏற்றம் ஒன்றில் மெதுவாக ஏறுகிறீர்கள். பாதியில் முன் சக்கரம் ஒரு வேரில் தட்டுகிறது. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திறக்கிறீர்கள். மோட்டோகிராஸ் வண்டியில் முதலில் ஒன்றும் நடக்காது, அடுத்த நொடியில் எல்லாம் சேர்ந்து நடக்கும்: பின் சக்கரம் வழுக்கிச் சுழலும், வண்டி குறுக்கே திரும்பும், நீங்கள் கிளட்ச்சைத் தேடுவீர்கள். டிரெயில் வண்டியில் சத்தம் சற்றே ஆழமாகும், சங்கிலி இறுகும், டயர் வேரைப் பிடித்துக்கொண்டு வண்டி ஒரு முழம் முன்னே நகரும். உச்ச சக்தியில் இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் பலர் நினைப்பதைவிடக் குறைவு. அந்தச் சக்தி எந்த இடத்தில், எவ்வளவு அவசரமாக வந்து சேர்கிறது என்பதில்தான் தூரம் அதிகம்.

கே.டி.எம்.மின் கார்புரேட்டர் காலத்து 250, 300 வண்டிகளில் பவர் வால்வை மாற்றிக்கொள்ள மூன்று நிற ஸ்பிரிங்குகள் உண்டு: மஞ்சள் வழக்கமானது, பச்சை சாந்தமானது, சிவப்பு கோபக்காரன். சில நிமிட வேலையில் ஒரே வண்டியின் சுபாவம் மாறுவதைப் பார்க்க வேண்டுமென்றால் இதைவிட எளிய பாடம் கிடைக்காது.

ஃபிளைவீல் எடை என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது எதற்கு?

ஃபிளைவீல் என்பது என்ஜினோடு சேர்ந்து சுற்றும் எடைச் சக்கரம். அது கனமாக இருந்தால் சுற்றத் தொடங்கவும் தாமதிக்கும், நிற்கவும் தாமதிக்கும். மோட்டோகிராஸ் வீரருக்கு முதலாவது பிடிக்காது. தாவும் முன் ஒரே நொடியில் சுற்று ஏற வேண்டும். காட்டில் ஓட்டுபவருக்கு இரண்டாவது வரம். பாறை இடுக்கில் பின் சக்கரம் ஒரு கணம் தடைபட்டாலும் என்ஜின் நின்றுவிடாமல் அந்த எடை இழுத்துக்கொண்டு போகும். மோட்டோகிராஸ் வண்டி வைத்திருப்பவர்கள் காட்டுக்குப் போக முடிவெடுத்ததும் முதலில் வாங்க வேண்டியது, ஏற்கெனவே உள்ள ஃபிளைவீலோடு பொருத்தும் சில நூறு கிராம் எடை வளையம்தான் என்பது என் கருத்து. கொடுத்த காசுக்கு இவ்வளவு பயன் தரும் வேறு பாகம் இல்லை.

கியர்பாக்ஸில் என்ன வேறுபாடு? சங்கிலி ஓடும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டை மாற்றினால் போதாதா?

போதாது. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வண்டி வாங்குபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது.

மோட்டோகிராஸ் வண்டியின் கியர்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமானவை. கியர் மாற்றும்போது என்ஜின் சுற்று அதிகம் விழாமல், சக்தி கொட்டும் அந்தக் குறுகிய பகுதிக்குள்ளேயே நிற்க வேண்டும் என்பதே நோக்கம். முதல் கியர் தொடக்கக் கோட்டிலிருந்து பாய்வதற்கானது. அதில் நடை வேகத்தில் ஊர்ந்து செல்ல முடியாது, கிளட்ச்சைப் பாதி பிடித்துக்கொண்டேதான் போக வேண்டியிருக்கும். கடைசி கியரோ களத்தின் நேர்ப்பாதை அளவுக்கே நீளும். டிரெயில் வண்டியில் முதல் கியர் பாறை ஏறுவதற்கும், கடைசி கியர் காட்டு வழிகளை இணைக்கும் அகலமான மண் சாலையில் என்ஜின் அலறாமல் ஓடுவதற்கும் என்று விகிதங்கள் அகலமாக விரிக்கப்பட்டிருக்கும். ஒய்.இசட்.250இலும் 250எக்ஸிலும் ஐந்து கியர்தான் என்றாலும், பின்னதில் இருப்பது அகன்ற விகித கியர்பாக்ஸ். கே.டி.எம்.மின் 300 எக்ஸ்.சி.-டபிள்யூ.வில் ஆறு கியர்.

இப்போது ஸ்ப்ராக்கெட் கணக்கு. முன்னால் 14 பல், பின்னால் 50 பல் என்றால் விகிதம் 3.57. முன்னால் ஒரு பல்லைக் குறைத்து 13 ஆக்கினால் 3.85, அதாவது எல்லாக் கியர்களும் ஏறக்குறைய 8 சதவீதம் குட்டையாகின்றன. பின்னால் இரண்டு பல் கூட்டி 52 ஆக்கினால் 4 சதவீதம். முதல் கியர் நன்றாக ஊரத் தொடங்கும், உண்மைதான். ஆனால் கடைசி கியரும் அதே அளவு குட்டையாகிவிட்டதால், மண் சாலைக்கு வந்ததும் என்ஜின் தொண்டை கிழியக் கத்தும், வண்டி போகாது. ஸ்ப்ராக்கெட்டை மாற்றினால் ஏணி முழுவதும் கீழே நகருமே தவிர, படிகளுக்கு இடையே உள்ள தூரம் கூடாது. அந்தத் தூரத்தைக் கூட்ட வேண்டுமானால் என்ஜினைப் பிளந்து பற்சக்கரங்களையே மாற்ற வேண்டும். அந்தச் செலவைக் கேட்டால் முதலிலேயே டிரெயில் வண்டியை வாங்கியிருக்கலாமே என்று தோன்றும்.

காட்டில் ஏன் எல்லோரும் 300 சி.சி. ஓட்டுகிறார்கள்? மோட்டோகிராஸில் 250தானே?

மோட்டோகிராஸ் பந்தய வகுப்புகள் கன அளவை வைத்துப் பிரிக்கப்பட்டவை. டூ-ஸ்ட்ரோக்குக்கு 125, 250 என்ற வரம்புகள் நெடுங்காலமாக நிலைத்துவிட்டதால் அதற்குமேல் செய்து விற்பதில் பயன் குறைவாக இருந்தது. கடினமான எண்டூரோ போட்டிகளில் அப்படிப்பட்ட நெருக்கடி இல்லை. 72 மி.மீ. விட்டம், 72 மி.மீ. வீச்சு, 293 சி.சி. என்ற கே.டி.எம். அளவு தரும் கூடுதல் இழுவை, ஒரு கியர் உயர்த்தி வைத்துக்கொண்டே ஏற்றத்தில் ஏற உதவுகிறது; கை சோராது. ஆஸ்திரியாவின் எர்ஸ்பெர்க் இரும்புச் சுரங்க மலையில் நடக்கும் போட்டியில் ஐந்நூறு பேர் கிளம்பி, நான்கு மணி நேர வரம்புக்குள் முடிப்பவர்கள் சிலரே. அங்கே முன்வரிசையில் நிற்கும் வண்டிகளைப் பார்த்தால் பெரும்பாலும் இந்த 300 டூ-ஸ்ட்ரோக்குகள்தான். 2023 மாடலில் கே.டி.எம். 300 எஸ்.எக்ஸ். என்ற மோட்டோகிராஸ் வடிவத்தையும் கொண்டுவந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சஸ்பென்ஷன் இரண்டிலும் உயர்தரமாகத்தானே இருக்கிறது?

உயர்தரம்தான், இரண்டிலும் ஏறக்குறைய 300 மி.மீ. நகர்வும் உண்டு. வேறுபாடு உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கிலும் எண்ணெய் ஓட்டத்தைத் தடுக்கும் தகடுகளிலும் இருக்கிறது. பதினைந்து, இருபது மீட்டர் தாவி இறங்கும் வண்டிக்கு, தரை தொடும் கணத்தில் ஃபோர்க் அடிவரை போய் முட்டாமல் தாங்க வேண்டும். அப்படிக் கெட்டியாக அமைத்த ஃபோர்க்கை நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் தலையளவுக் கற்கள் மேல் ஓட்டினால், அது கல்லை விழுங்காது; கல்லில் பட்டுத் தெறித்துப் பக்கவாட்டில் விலகும். அரை நாள் அப்படி ஓட்டியபின் மணிக்கட்டு வீங்கிப்போகும். ஒய்.இசட்.250எக்ஸில் அதே கே.ஒய்.பி. ஃபோர்க்குக்கு மென்மையான அமைப்பு தரப்பட்டிருப்பது இதற்காகத்தான்.

கே.டி.எம். இன்னொரு படி போகிறது. எஸ்.எக்ஸ். வண்டிகளில் பின் ஷாக் அப்சார்பர் லிங்கேஜ் எனப்படும் இணைப்புக் கைகள் வழியாக இயங்குகிறது. முன்னால் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றழுத்தத்தில் இயங்கும் ஃபோர்க். இ.எக்ஸ்.சி., எக்ஸ்.சி.-டபிள்யூ. வண்டிகளில் ஷாக் நேரடியாகப் பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் பொருந்துகிறது, லிங்கேஜே இல்லை. லிங்கேஜ் இருந்தால் பெரிய மோதல்களைத் தாங்கும் விதம் மேம்படும் என்பது பொதுவான கருத்து. ஆனால் விழுந்து கிடக்கும் மரத்தின் மேல் ஏறும்போது வயிற்றுக்கு அடியில் தொங்கும் அந்த லிங்கேஜ்தான் முதலில் மாட்டிக்கொள்ளும்.

எந்த வண்டியானாலும் உங்கள் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங் போட்டபின்தான் மற்றப் பேச்சு. முழு உடுப்போடு வண்டி மேல் நிற்கும்போது பின்பக்கம் ஏறக்குறைய 100 மி.மீ. தாழ வேண்டும். ஸ்பிரிங்கை இறுக்கியும் தளர்த்தியும் இந்த அளவு வரவில்லையென்றால் ஸ்பிரிங்கே உங்களுக்கு உரியதில்லை.

பின் சக்கரம் 19 அங்குலமா, 18 அங்குலமா என்பது அவ்வளவு முக்கியமா?

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். மோட்டோகிராஸ் வண்டியில் 110/90-19 டயர் என்றால், பக்கச் சுவரின் உயரம் 99 மி.மீ.; மொத்த விட்டம் சுமார் 681 மி.மீ. டிரெயில் வண்டியில் 110/100-18 என்றால், பக்கச் சுவர் 110 மி.மீ.; மொத்த விட்டம் சுமார் 677. வெளியே இரண்டும் ஒரே உயரம். ஆனால் பின்னதில் ரப்பர் 11 மி.மீ. கூடுதல். அந்த 11 மி.மீ., கூர்மையான கல்லில் மோதும்போது டியூப் ரிம்மோடு நசுங்கிப் பஞ்சராவதிலிருந்து காப்பாற்றும். காற்றைக் குறைத்து ஓட்டி, டயர் பாறையை அணைத்துப் பிடிக்கவும் இடம் கொடுக்கும். களத்தில் வளைவுக்குள் சாயும்போதோ உயரமான பக்கச் சுவர் நெளியும். அதனால்தான் அங்கே 19. முன் சக்கரம் இரண்டிலும் 21தான்.

டாங்கி, ஸ்டாண்ட், விளக்கு போன்றவை?

இவற்றை ஒவ்வொன்றாக விளக்க வேண்டியதில்லை. மோட்டோகிராஸ் வண்டியில் சைடு ஸ்டாண்ட் கிடையாது, விளக்கு கிடையாது, வேகமானி கிடையாது, டாங்கி ஏழெட்டு லிட்டர். டிரெயில் வண்டியில் சைடு ஸ்டாண்டும் ஓ-ரிங் வைத்த சங்கிலியும் பெரும்பாலும் உண்டு. எண்டூரோ வடிவங்களில் விளக்கும் அதற்குப் போதுமான மின்சுருளும் சற்றுப் பெரிய டாங்கியும் உண்டு. ஒய்.இசட்.250எக்ஸ் இந்த விஷயத்தில் கஞ்சத்தனம் காட்டுகிறது என்றே சொல்ல வேண்டும்: மோட்டோகிராஸ் தம்பியின் அதே சிறிய டாங்கி, விளக்கு இல்லை, கிக் ஸ்டார்ட் மட்டும். சரிவில் பாதி கவிழ்ந்து கிடக்கும் வண்டியை ஊன்ற இடமில்லாமல் உதைத்துக் கிளப்பிப் பார்த்தவர்களுக்கு, எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மோட்டோகிராஸ் வண்டி காட்டில் சூடாகிக் கொதிக்கும் என்கிறார்கள், உண்மையா?

உண்மை. இவற்றின் ரேடியேட்டர் காற்றோட்டத்தை நம்பியிருப்பது. நடை வேகத்தில் கிளட்ச்சை வழுக்கிக்கொண்டே ஏறினால் காற்று வராது, வெப்பம் மட்டும் கூடும். மூடியின் குழாய் வழியே நீர் பீறிடும். மின்விசிறி, வழிந்த நீரை மீண்டும் உறிஞ்சும் சிறு தொட்டி, ரேடியேட்டர் காப்புச் சட்டம் ஆகிய மூன்றும் தேவைப்படும்.

பெட்ரோலில் ஆயில் கலப்பது இரண்டுக்கும் ஒன்றுதானா?

டி.வி.எஸ். 50க்கு ஆயில் கலந்து பெட்ரோல் போட்ட தலைமுறைக்கு இது புதிதல்ல. ஆர்.எக்ஸ்.100இல் தனி ஆயில் டாங்கியும் பம்ப்பும் இருந்ததால் அந்த வேலை இல்லை. கார்புரேட்டர் வைத்த பந்தய வண்டிகளில் நீங்களேதான் கலக்க வேண்டும். ஒய்.இசட். வண்டிகளுக்கு யமஹா சொல்வது 30:1. ஐந்து லிட்டர் பெட்ரோலுக்கு 167 மி.லி. மற்ற வண்டிகளுக்கு அவற்றின் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். கலவை ஒன்றானாலும், கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட் என்ற சிறு துளையின் அமைப்பு ஒன்றல்ல. முழு ஆக்சிலேட்டருக்காகப் பெட்ரோல் கூடுதலாகப் போகும்படி அமைத்த வண்டியைக் காட்டில் மெல்ல ஓட்டினால், எரியாத ஆயில் சைலன்சர் நுனியில் கறுப்பு மசியாகச் சொட்டும், ஸ்பார்க் பிளக் நனைந்து அடைத்துக்கொள்ளும். பலர் இதற்கு ஆயிலைக் குறைத்துவிடுகிறார்கள்; அது தவறு. குறைக்க வேண்டியது பெட்ரோல் ஜெட்டை. சட்டைப் பையில் ஒரு புது பிளக்கும் அதற்கான ஸ்பானரும் எப்போதும் இருக்கட்டும்.

நீண்ட இறக்கத்தில் இன்னொரு எச்சரிக்கை உண்டு. இந்த என்ஜினுக்கு ஆயில் வருவது பெட்ரோலோடு மட்டும்தான். ஆக்சிலேட்டரை முழுதாக மூடிக்கொண்டு கியரிலேயே இறங்கினால் என்ஜின் வேகமாகச் சுற்றும், ஆயில் வராது. இடையிடையே கிளட்ச்சைப் பிடித்து ஒருமுறை ஆக்சிலேட்டரைத் திறந்து மூடுவது நல்ல பழக்கம்.

பெட்ரோல் இன்ஜெக்ஷன் வந்தபின் இந்தத் தொல்லை தீர்ந்ததா?

பெருமளவு தீர்ந்தது. இதில் ஒரு சுவையான விஷயம், புதுமை முதலில் பந்தய வண்டிக்கு வரவில்லை. கே.டி.எம். 2018 மாடல் 250, 300 இ.எக்ஸ்.சி. வண்டிகளில் டி.பி.ஐ. எனப்படும் முறையைக் கொண்டுவந்தது. பெட்ரோல் சிலிண்டரின் டிரான்ஸ்ஃபர் போர்ட்டுகளில் தெளிக்கப்பட்டது, ஆயில் தனி டாங்கியிலிருந்து பம்ப் வழியாக வந்தது. காரணம் ஐரோப்பியப் புகை விதிகள். சாலைப் பதிவு பெற வேண்டிய எண்டூரோ வண்டிக்கே அந்த விதி பொருந்தும். மோட்டோகிராஸ் வண்டிக்கு அந்த நெருக்கடி இல்லாததால் அது 2022 வரை கார்புரேட்டரிலேயே ஓடியது. 2023 மாடல் எஸ்.எக்ஸ். வண்டிகளில் த்ராட்டில் பாடியில் தெளிக்கும் வேறொரு முறை வந்தது. அதில் எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டும் உண்டு. ஆயிலை மட்டும் பெட்ரோலிலேயே கலக்க வேண்டும். உயரம் மாறினாலும் ஜெட் மாற்றத் தேவையில்லை என்பது மலையில் ஓட்டுபவருக்குப் பெரிய நிம்மதி.

பராமரிப்புச் செலவு எதில் அதிகம்?

வண்டியைவிட ஓட்டும் விதத்தைப் பொறுத்தது. எப்போதும் உச்ச சுற்றில் ஓடும் 125 மோட்டோகிராஸ் என்ஜினுக்குச் சில பத்து மணி நேரத்திலேயே பிஸ்டன் மாற்ற வேண்டியிருக்கும். நிதானமாக ஓடும் 300 டிரெயில் என்ஜின் அதைப்போலப் பல மடங்கு காலம் தாங்கும். மணிக்கணக்கு மீட்டர் ஒன்றை ஒட்டிக்கொண்டு, கிலோமீட்டரை மறந்துவிட வேண்டும்.

என்னிடம் மோட்டோகிராஸ் வண்டி இருக்கிறது. அதையே காட்டுக்கு மாற்றலாமா?

மாற்றலாம். வரிசை மட்டும் முக்கியம். முதலில் ஃபிளைவீல் எடை, அடுத்து 18 அங்குலப் பின் சக்கரம், அதற்கடுத்து உங்கள் எடைக்கேற்ற மென்மையான சஸ்பென்ஷன் அமைப்பு. கைக்காப்பு, ரேடியேட்டர் காப்பு, என்ஜின் அடித்தகடு ஆகியவை முதல் விழுதலுக்கு முன்பே இருக்க வேண்டும். அமெரிக்க வன நிலங்களில் ஓட்டுபவர்களுக்குத் தீப்பொறி தடுப்பு வைத்த சைலன்சர் சட்டப்படி கட்டாயம். இவ்வளவும் செய்தபின் கியர்பாக்ஸ் மட்டும் மோட்டோகிராஸாகவே மிஞ்சும். குறுகிய, வளைவு நெளிவான காட்டு வழிகளில் மட்டும் ஓட்டுபவருக்கு அது பெரிய குறையாகத் தெரியாது. திறந்த வெளியும் பாறை ஏற்றமும் கலந்த இடத்தில் ஓட்டுபவர், இந்தப் பணத்தைப் போட்டு வண்டியையே மாற்றிக்கொள்வது நல்லது. எதிர்த்திசையில், டிரெயில் வண்டியை மோட்டோகிராஸ் களத்துக்குக் கொண்டுபோவது ஓட்டிப் பழகுபவருக்குப் பாதகமில்லை. பெரிய தாவல்களில் மட்டும் ஃபோர்க் அடிவரை போய் முட்டும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு எது?

டிரெயில் வடிவம், தயக்கமில்லாமல். 250 மோட்டோகிராஸ் டூ-ஸ்ட்ரோக்கில் தொடங்கியவர்கள் முதல் மாதத்தில் கற்றுக்கொள்வது பெரும்பாலும் விழுவதைத்தான்.

இந்தியச் சாலையில் ஓட்டலாமா?

மோட்டோகிராஸ் வண்டியை ஓட்ட முடியாது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி பதிவில்லாத வண்டி பொதுச்சாலையில் ஓடக்கூடாது. இவற்றைப் பதிவு செய்யவும் இயலாது. கே.டி.எம். 2024 நவம்பரில் இந்தியாவில் அறிவித்த 50, 65, 85 எஸ்.எக்ஸ். என்ற சிறுவர்களுக்கான டூ-ஸ்ட்ரோக் வண்டிகளும் களத்துக்கு மட்டுமே உரியவை. வண்டியை வேனில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் நுழைவது தனிக் குற்றம்.

பழைய வண்டி வாங்கும்போது, விற்பவர் டிரெயில் வடிவம் என்று சொல்வதை எப்படிச் சரிபார்ப்பது?

பிளாஸ்டிக்கையும் ஸ்டிக்கரையும் பார்க்காதீர்கள். அவை ஒரு மாலையில் மாறிவிடும். சைடு ஸ்டாண்டும் 18 அங்குலச் சக்கரமும்கூடத் தனியாகக் கிடைப்பவையே. சட்டகத்தில் பொறித்த எண்ணைக் குறித்துக்கொண்டு அது எந்த மாடலுக்கு உரியது என்று உறுதிசெய்யுங்கள். பிறகு வண்டியை ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். சமதரையில் முதல் கியரில் கிளட்ச்சை முழுதாக விட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல், பக்கத்தில் ஒருவர் நடக்கும் வேகத்துக்கு வண்டி இறங்குகிறதா என்று பாருங்கள். முக்கி முக்கி நின்றுவிட்டால், வெளியே என்ன மாட்டியிருந்தாலும் உள்ளே இருப்பது மோட்டோகிராஸ் கியர்பாக்ஸாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.